பயன்படுத்திய ரைபிள் தோட்டா உறைகளைத் தரம் பிரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று பெர்த்திலோ மெல்பர்னிலோ ஆக்லாந்திலோ குடியேறி, அங்கு முறையான உரிமம் பெற்று இலக்குத் துப்பாக்கிச் சங்கங்களில் சுடுகின்ற நம்மவர் சிலர் இருக்கின்றனர். சொந்தமாகத் தோட்டா நிரப்புவது, அதாவது சுட்ட உறையை மீண்டும் தோட்டாவாக்குவது, அந்நாடுகளில் உரிமம் உள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. பெர்த்தில் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நானும் அந்தச் சங்கங்களில் சுட்டவன் என்பதால், தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது அவர்கள் என்னைத் தேடி வந்து கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இங்கே ‘தோட்டா’ என்பது முழுமையானது; ‘உறை’ என்பது சுட்ட பின் எஞ்சும் பித்தளைக் கூடு; ‘குண்டு’ என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதி. உறையின் அடியில் பொருந்தி, ஊசி பட்டதும் தீப்பொறி தருவது பிரைமர். உறைக்குள் எரியும் வெடிமருந்தை ‘மருந்து’ என்கிறேன். அதன் அளவு பற்றி இப்பக்கத்தில் எதுவும் இராது; அதற்கு மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் கையேடு மட்டுமே துணை.

இந்த வேலையை மலேசியாவில் வீட்டில் வைத்துச் செய்யலாமா?

கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருப்பதற்கும் தோட்டா வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும். தோட்டா தயாரிப்பதும் உரிமமின்றிச் செய்யக் கூடாத செயல். 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. ஆகவே வெளிநாட்டுச் சங்கத்தில் சுட்ட உறைகளை நினைவுப் பொருள் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அது வெற்று உறைதான் என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். கீழே சொல்லப்படும் அனைத்தும், அவரவர் வாழும் நாட்டின் சட்டம் இடம் கொடுக்கும் வரையில் அங்கே செய்வதற்கு உரியவை.

உறை வெறும் கூடுதானே? அதைத் தரம் பிரிப்பதால் குறி எப்படித் துல்லியமாகும்?

மருந்து எரிவது உறைக்குள். உறையின் உட்கொள்ளளவு மாறினால், அதே அளவு மருந்து வேறு அழுத்தத்தைத் தரும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும். அதுபோல, உறையின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறினால், குண்டு விடுபடும் கணமும் மாறும். இவை இரண்டும் ஒரே மாதிரி அமைய வேண்டும் என்பதே தரம் பிரித்தலின் முழு நோக்கமும்.

இதன் பலன் தூரத்தைப் பொறுத்தது. நூறு மீட்டரில் நொடிக்குப் பத்து அடி வேக வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் கஜத்தில் .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டாவுக்கு அதே பத்து அடி, ஏறத்தாழ மூன்று அங்குல ஏற்ற இறக்கமாக இலக்கில் தெரியும். எஃப் வகுப்பு எனப்படும் நெடுந்தூர இலக்குப் போட்டியில் அந்தத் தூரத்து இலக்கின் மிகச் சிறிய நடுவளையம் ஐந்து அங்குலம் மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மூன்று அங்குலத்தின் மதிப்பு விளங்கும். காற்றைத் தவறாகக் கணித்தால் விலகல் பக்கவாட்டில் வரும்; வேகம் மாறினால் விலகல் மேலும் கீழுமாக வரும். உங்கள் இலக்கு அட்டையில் துளைகள் செங்குத்தாகச் சிதறியிருந்தால்தான் உறைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் எதைப் பார்த்துப் பிரிப்பது?

உறையின் அடியில் பொறித்திருக்கும் முத்திரையைப் பார்த்து. தயாரிப்பாளர் பெயரும் தோட்டாவின் வகையும் அதில் இருக்கும். இராணுவ உறையாக இருந்தால் பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். ஒரே பெயர் பொறித்தவை ஒரு குவியல், ஆண்டு தெரிந்தால் ஒரே ஆண்டுடையவை அதற்குள் ஒரு குவியல் என்று பிரிக்க வேண்டும். எல்லாம் .308 தானே என்று லாப்புவா, வின்செஸ்டர், ரெமிங்டன் உறைகளை ஒரே பெட்டியில் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் பித்தளையைத் தத்தம் கணக்கில் உருவாக்குகிறார். வெளியே அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே சுவரின் தடிமன் ஒன்றாக இராது.

முத்திரையைப் படிப்பது பாதுகாப்புக்காகவும் கட்டாயம். .243 வின்செஸ்டர் உறையும் .308 உறையும் ஒரே குடும்பம். அடிப்பகுதியை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். .223 உறையை வெட்டிச் சுருக்கி .300 பிளாக்அவுட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வுறையின் அடியில் பழைய .223 முத்திரையே எஞ்சியிருக்கும். ஆகையால் முத்திரையைப் படித்த பின் வடிவத்தையும் கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தையும் அருகில் வைத்துக்கொண்டால், பித்தளைப் பூச்சு போட்ட எஃகு உறைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும்.

பிரைமர் குழியையும் இப்போதே பார்த்துவிடலாம். .308 உறைகளில் பெரும்பாலானவை பெரிய பிரைமருக்கானவை; நெடுந்தூரப் போட்டிக்கென்று சிறிய பிரைமர் குழியோடு வரும் .308 உறைகளும் விற்பனையில் உள்ளன. இரண்டும் கலந்துவிட்டால், பிரைமர் பொருத்தும் கருவியின் முன் உட்காரும் நாளில் பொறுமை போய்விடும்.

உறைக்குள் ஒரு துளை இருந்தால் பரவாயில்லை, இரண்டு இருந்தால் வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

டார்ச் விளக்கை அடித்து உறைக்குள் பார்த்தால், அடியில் நடுவே ஒரு துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. ஓரமாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டன் வகை. பாக்ஸர் வகையில் ஒரு ஊசியை உள்ளே செலுத்திப் பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றலாம். பெர்டன் வகையில் நடுவே துளை இல்லாமையால் அந்த ஊசி வளைந்துவிடும் அல்லது உடைந்துவிடும். அதற்கேற்ற பிரைமர் கிடைப்பதும் அரிது. பெர்டன் உறைகளைப் பழைய உலோகம் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இராணுவ உறைகள் தடிமனானவை, அதனால் உறுதியானவை என்கிறார்கள். அவற்றையே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் தனியாக. அமெரிக்காவின் லேக் சிட்டி தொழிற்சாலை உறைகளில் எல்.சி. என்றும், பிரிட்டனின் ராட்வே கிரீன் உறைகளில் ஆர்.ஜி. என்றும் பொறித்திருக்கும், நேட்டோ தரத்தில் செய்தவற்றில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி காணப்படும். 7.62 மில்லிமீட்டர் இராணுவ உறை, சில வணிக .308 உறைகளைவிடப் பதினைந்து இருபது கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) வரைகூட எடை கூடியதாக இருக்கும். அந்த எடையில் பெரும்பகுதி உள்ளே இடத்தை அடைத்துக்கொள்கிற பித்தளை. வணிக உறைக்கென்று பார்த்து வைத்த மருந்தளவை அப்படியே இராணுவ உறையில் போட்டால் அழுத்தம் எல்லை மீறக்கூடும். உறை மாறினால் மருந்தைக் குறைத்து, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

மற்றொன்று, இராணுவ உறைகளில் பிரைமர் கழன்றுவிடாமல் அதன் விளிம்பைச் சுற்றி நசுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளிய பிறகு அந்த நசுக்கலைக் கடைந்தோ விரித்தோ எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதிய பிரைமர் கோணலாக இறங்கும். மேலும், இயந்திரத் துப்பாக்கியில் சுடப்பட்ட உறைகள் அவற்றில் தோட்டா அமரும் அகன்ற அறைக்கேற்ப வீங்கிப்போயிருக்கும். ‘ஒரே முறை சுட்டது’ என்று மலிவாக விற்கப்படும் மூட்டையில் இவைதாம் நிறைய வரும்.

சுடுகளத்தில் பொறுக்கிய உறைகள் எப்படி?

யார் சுட்டார்கள், எத்தனை முறை சுட்டார்கள், எந்தத் துப்பாக்கியில் சுட்டார்கள் என்பது தெரியாத உறையின் வரலாற்றை எந்தக் கருவியாலும் அளந்து கண்டுபிடிக்க முடியாது. என் கருத்தில் தரம் பிரித்தலின் முக்கால் பங்கு இந்த வரலாறுதான்: ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி (ஆலையில் ஒரே சமயத்தில் செய்தவை), ஒரே துப்பாக்கி, ஒரே எண்ணிக்கையிலான சுடல்கள். இந்த நான்கும் ஒத்திருக்கும் ஐம்பது உறைகள், தராசும் மைக்ரோமீட்டரும் கொண்டு பல இரவுகள் பிரித்தெடுத்த கலப்படக் குவியலைவிட நன்றாகச் சுடும். பொறுக்கியவற்றை வைத்துக் குறுகிய தூரப் பயிற்சி செய்யலாம். போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பொறுக்கியவற்றிலும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை எவை என்று ஓரளவு ஊகிக்கலாம். உறையின் தோள், அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் இடம், அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அளக்கும் துணைக்கருவியைக் காலிப்பரில் மாட்டி அளந்தால், ஒவ்வொரு துப்பாக்கி அறையின் அளவும் அதில் வெளிப்படும். ஒரே முத்திரையுள்ள உறைகளில் இந்த அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு வேறுபட்டால், அவை வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவை என்றே கொள்ள வேண்டும். உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோளை மறு அளவிடும்போது (சுட்டு விரிந்த உறையை அச்சில் அழுத்திச் சுருக்கும்போது) ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு சுடலிலும் பித்தளை நீண்டு மெலியும்.

எவற்றைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும்?

கழுத்தில் பிளவு உள்ளவை, பிரைமர் குழி தளர்ந்தவை, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிபவை. கடைசியாகச் சொன்னதுதான் அபாயமானது. உறை நீண்டு நீண்டு உள்ளே சுவர் மெலிந்த இடம் அது. அடுத்த சுடலில் உறை இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம், சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, உறையின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே உரசிக்கொண்டு வந்தால், மெலிந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்குத் தெரியும். ஒதுக்கியவற்றின் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அப்போதுதான் அவை திரும்பவும் நல்ல குவியலுக்குள் வந்து சேரா.

நீளமும் பார்க்க வேண்டும். .308 வின்செஸ்டர் உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிச் சீராக்கும் நீளம் 2.005. .223 ரெமிங்டனுக்கு உச்சம் 1.760, சீராக்கும் நீளம் 1.750. மறு அளவிட்ட பிறகே அளக்க வேண்டும்; அதற்கு முன் அளந்தால் பொய்க் கணக்கு வரும். எல்லா உறைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டினால்தான் கழுத்து குண்டைப் பிடிக்கும் நீளமும் ஒன்றாகும்.

எடை பார்த்துப் பிரிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் சங்கங்களில் சண்டை நடக்கும். எடை பார்ப்பவர்களின் வாதம் எளிது: வெளி அளவு ஒன்றாக இருக்கும்போது எடை கூடினால், கூடுதல் பித்தளை உள்ளே இருக்க வேண்டும், ஆகவே கொள்ளளவு குறையும். வாதம் சரிதான், அளவுதான் கேள்வி. பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ எட்டரை மடங்கு. ஆகவே எட்டரை கிரெயின் பித்தளை கூடினால்தான் ஒரு கிரெயின் தண்ணீர் கொள்ளும் இடம் குறையும். .308 உறை மொத்தம் ஏறத்தாழ ஐம்பத்தாறு கிரெயின் தண்ணீர் கொள்ளும். ஒரே தொகுதியைச் சேர்ந்த நல்ல உறைகளில் மிக எடை குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் நான்கு கிரெயின் வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கொள்ளளவில் அது அரை கிரெயினுக்கும் குறைவு, அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதுவும் அந்த நான்கு கிரெயின் முழுவதும் உட்சுவரில் இருந்தால்தான். உண்மையில் உறையின் அடிவிளிம்பிலும், அதை இழுத்தெடுக்கும் கொக்கி பிடிக்கின்ற பள்ளத்திலும் கடைசல் வேலை உறைக்கு உறை சற்று மாறும். அந்த இடங்களில் ஏறி இறங்கும் பித்தளை, எடையைக் காட்டுமே தவிரக் கொள்ளளவைத் தொடாது. இதனால் ஒரே தொகுதிக்குள் எடையும் கொள்ளளவும் சில வேளைகளில் கைகோத்துப் போகும், சில வேளைகளில் ஒன்றையொன்று சட்டை செய்யாது.

ஆகவே என் முடிவு இதுதான். ஒரே தொகுதியில் கூட்டத்தோடு சேராமல் விலகி நிற்கும் சில உறைகளைக் களைந்தெடுக்க எடை பார்ப்பது நல்ல வழி. நூறு உறைகளை எடை பார்த்து, மிகக் குறைந்த ஐந்தையும் மிகக் கூடிய ஐந்தையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். அரை கிரெயின் இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு குவியல்களாகப் பிரிப்பது, நேரம் நிறைய உள்ளவர்கள் மனநிறைவுக்காகச் செய்வது. கலப்படக் குவியலை எடையை மட்டும் வைத்துப் பிரிப்பதோ முற்றிலும் வீண். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் உறைகள் ஒரே எடையில் இருந்தும் கொள்ளளவில் வேறுபடலாம்.

எடை பார்க்கிறவர்கள், வேலை எல்லாம் முடிந்த பிறகு பார்க்க வேண்டும். பழைய பிரைமர் உள்ளேயே இருந்தால் ஐந்து கிரெயினை ஒட்டிய எடையை அதுவே தரும். கரி படிந்திருந்தால் அதுவும் கணக்கில் ஏறும். பிரைமரை எடுத்து, கழுவி, உலர்த்தி, அளவிட்டு, நீளம் வெட்டி, பிரைமர் துளையின் உட்பிசிறை நீக்கிய பின்பே தராசில் வைக்க வேண்டும். மின்னணுத் தராசை முன்கூட்டியே இயக்கிச் சூடாக விட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். விசிறிக் காற்றில் கிரெயினின் பத்தில் ஒரு பங்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

கொள்ளளவையே நேராக அளந்துவிட முடியாதா?

முடியும், ஆனால் நூறு உறைக்கும் செய்யப் பொறுமை வேண்டும். சுட்ட உறையில் பழைய பிரைமரை எடுக்காமல் எடை பார்த்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரை வாய்வரை நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, நீர்மட்டம் குழியாமலும் புடைக்காமலும் சமன் செய்து மீண்டும் எடை பார்த்தால், வேறுபாடே கொள்ளளவு. எடை கூடியவற்றில் ஐந்தும் குறைந்தவற்றில் ஐந்தும் எடுத்து இப்படி அளந்து பாருங்கள். இரு கூட்டத்துக்கும் கொள்ளளவில் தெளிவான வேறுபாடு தெரிந்தால், அந்தத் தொகுதியை எடை பார்த்துப் பிரிப்பதில் பொருள் உண்டு. தெரியாவிட்டால் தராசை மூடி வைக்கலாம்.

கழுத்தின் தடிமனை அளக்க வேண்டுமா?

எடைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பலன் கூடுதலாக இருக்கும். உருண்டை முனையுள்ள மைக்ரோமீட்டரைக் கழுத்துக்குள் விட்டுச் சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்தால், ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும் உறைகள் பிடிபடும். ஒரே உறையில் இந்த வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருப்பவை முதல் தரம். இரண்டுக்கு மேல் போனால் பயிற்சிக்கு. கழுத்தில் ஒருபக்கம் தடித்த உறை, பெரும்பாலும் உடலிலும் அதே பக்கம் தடித்திருக்கும். மெலிந்த பக்கம் அதிகம் நீள்வதால், சில சுடல்களுக்குப் பின் உறையே சற்று வளைந்துபோகும். கழுத்தைக் கடைந்து வெளிப்புறத்தைச் சமமாக்குகிற கருவி உண்டு. ஆனால் உடலின் குறையை அது திருத்தாது.

குண்டைக் கழுத்தில் இறக்கும்போது கை உணர்வதும் ஒரு தரப் பிரிப்புதான். கையால் அழுத்தும் சிறு அச்சைப் பயன்படுத்துகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள்: பத்துக் குண்டுகள் ஒரே மாதிரி இறங்கும், பதினோராவது மட்டும் முரண்டு பிடிக்கும் அல்லது வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தோட்டாவைத் தனியே வைத்து, குழலைச் சூடாக்கச் சுடும் முதல் சுற்றுகளில் முடித்துவிடலாம்.

அப்படி முரண்டு பிடிப்பதற்குக் காரணம் என்ன?

பெரும்பாலும் பித்தளை இறுகிப்போனது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இந்த உலோகம், ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் கடினப்பட்டுக்கொண்டே வரும். கழுத்தை மட்டும் சில நொடிகள் சூடாக்கி மீண்டும் மென்மைப்படுத்துவதைச் சிலர் ஒவ்வொரு சுடலுக்குப் பின்னும், சிலர் மூன்று நான்கு சுடலுக்கு ஒரு முறையும் செய்கின்றனர். எப்படிச் செய்தாலும் ஒரு தொகுதி முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பாதிக்குச் செய்து பாதியை விட்டால், அதுவரை பிரித்ததெல்லாம் கலைந்துவிடும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அழுத்தம் முழுவதையும் தாங்குவது அடிப்பகுதியின் கடினம்தான். அது மென்மையானால் உறை குப்பைக்கு உரியது.

புளி போட்டுக் கழுவலாமா?

நம் வீட்டுப் பெரியவர்கள் குத்துவிளக்கைத் துலக்கும் அதே முறைதானே என்று கேட்கிறார்கள். வேதியியல் ஒன்றுதான்: புளியில் உள்ள மென்மையான அமிலம் பித்தளையின் கறையைக் கரைக்கிறது. தோட்டா நிரப்புகிறவர்கள் அதே காரணத்துக்காக எலுமிச்சை அமிலத் தூளை வெந்நீரில் மிகக் குறைவாகக் கரைத்துப் பயன்படுத்துகின்றனர். புளியைவிடத் தூள் நல்லது. அளவு தெரியும், நாரும் சக்கையும் பிரைமர் குழியில் அடைக்காது. அமிலம் கூடினாலோ நெடுநேரம் ஊறினாலோ துத்தநாகம் கரைந்து உறை செந்நிறமாகத் தெரியும். அப்படி ஆனவற்றை ஒதுக்குங்கள். பளபளப்பு குறிக்கு உதவாது. விரிசல் தெரிகிற அளவுக்குச் சுத்தமானால் போதும்.

பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். சமையலறைத் தொட்டியிலும் சமையல் பாத்திரத்திலும் இதைச் செய்யக் கூடாது. குழந்தைகளை அருகில் விடக் கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவம் வேகமாகப் பளபளப்பாக்குகிறதே?

அதைத் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் அருகே சேமித்து வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள், யாரும் சுடாமலேயே வெடித்துக் கீறியிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்தும் சாணத்திலிருந்தும் எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உருவாக்கும்போதே உள்ளுக்குள் இறுக்கத்தைத் தாங்கியிருந்த பித்தளையை அரித்ததுதான் காரணம் என்பது 1921இல் தெளிவாக விளக்கப்பட்டது. அழுக்கு நீங்கிப் பளபளக்கும் உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கலாம் என்பதே இதில் உள்ள தீமை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அம்மோனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரப்பர் பால் வழியிலேயே கட்டியாகிவிடாமல் இருக்க அதைத்தானே கலந்தார்கள். பால் கொட்டகைப் பக்கம் போனாலே மூக்கைப் பிடித்துக்கொண்ட அதே வாடைதான். இன்று நீங்கள் வாழும் நாட்டில் அந்த வாடை கண்ணாடி துடைக்கும் திரவத்திலும், கோழிக்கூண்டிலும், சில உர மூட்டைகளிலும் இருக்கும். உறைகளையும் தோட்டாக்களையும் இவற்றின் அருகில் வைக்காதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது பழைய .303 உறைகள் கிடைத்தன. நல்ல நிலையில் இருக்கின்றன. இவற்றைப் பயன்படுத்தலாமா?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் கையில் இருந்தவற்றில் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியும் ஒன்று. ஆகவே செம்பனைக்காக நிலத்தைத் திருப்பும்போது பழைய உறைகள் வெளிப்படுவதில் வியப்பில்லை.

பயன்படுத்த முடியாது. அக்காலத்து .303 இராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவை பெர்டன் வகை. பழைய பிரைமர்கள் சிலவற்றில் இருந்த பாதரசம், சுட்ட கணத்திலேயே பித்தளைக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது. இதற்கெல்லாம் முன்னதாக, மண்ணிலிருந்து எடுத்த பொருளில் சுடாத தோட்டா ஒன்று கலந்திருக்கலாம். தட்டவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

அடி முத்திரையைப் படிக்கும் ஆர்வம் இருந்தால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் பார்க்கலாம். கே.எஃப். என்றால் புனே அருகே உள்ள கிர்க்கி, எம்.எஃப். என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே, சி.ஏ.சி. என்றால் நியூசிலாந்து என்று ஒரு பேரரசின் தோட்டா வழிகளெல்லாம் அந்தச் சிறு வட்டத்தில் எழுதியிருக்கும்.

புதிய .303 உறை வாங்கிச் சுடுகிறேன். அதற்குத் தனி முறை உண்டா?

உண்டு. .303 விளிம்புள்ள உறை. அது அறைக்குள் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை அந்த விளிம்பின் தடிமன் முடிவு செய்கிறது. ஆகவே விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பது இங்கே பயனுள்ளது. போர்க்காலத் துப்பாக்கிகளின் அறைகள், சேறும் தூசும் படிந்தாலும் தோட்டா இறங்க வேண்டும் என்பதற்காகத் தாராளமாகக் கடையப்பட்டவை. முழு அளவிடும் அச்சில் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளினால், மூன்று நான்கு சுடலிலேயே அந்தப் பளபளப்பு வளையம் தோன்றும். கழுத்தை மட்டும் அளவிட்டு, உறையை அதே துப்பாக்கிக்கே வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும்.

வேட்டைத் துப்பாக்கிக்கும் இதெல்லாம் தேவையா?

முத்திரை பார்த்துப் பிரித்து, நீளம் வெட்டி, பழுதானவற்றை ஒதுக்கினால் போதும்.

பிரித்த உறைகளை எப்படி வைத்துக்கொள்வது?

ஐம்பது அல்லது நூறு உறைகளை ஒரு பெட்டியாக வைத்து, பெட்டியின் மேல் தயாரிப்பாளர், தொகுதி எண், எந்தத் துப்பாக்கி, எத்தனையாவது சுடல், கடைசியாக எப்போது மென்மைப்படுத்தியது என்பதை எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் உள்ள அனைத்தையும் சுட்ட பிறகே அடுத்த சுற்று நிரப்ப வேண்டும். இருபது சுட்டு இருபதை மட்டும் மீண்டும் நிரப்பிக் கலந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். ஒரு பெட்டியில் மூன்று நான்கு உறைகளின் கழுத்து பிளக்கத் தொடங்கினால், மீதமுள்ளவையும் அதே வயதுடையவை என்பதை நினைவில் வைத்து முழுப் பெட்டியையும் ஓய்வு கொடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் புதிதாக நல்ல உறைகளே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். விலை உயர்ந்த உறைகளை ஒரே தொகுதியாக நூறு வாங்குவது, மலிவானவற்றை ஐந்நூறு வாங்கிப் பிரிப்பதைவிடச் சிக்கனமாக முடியும் சமயங்கள் நிறைய. புதியவற்றிலும் கழுத்து நசுங்கியவை, துளை ஓரமாகப் போனவை ஒன்றிரண்டு இருக்கும் என்பதால் ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். நல்ல தயாரிப்பில் அதற்கு மேல் அளக்க வேண்டியது குறைவு.

பிரித்ததால் குறி மேம்பட்டதா என்பதை எப்படி அறிவது?

ஐந்து தோட்டா சுட்டு ஒரு சிறு கூட்டம் விழுந்ததும் நம்பிவிடுகிறவர்கள் அதிகம். ஐந்து தோட்டாவில் தற்செயலுக்கு இடம் மிக அதிகம். பிரித்த உறைகளில் இருபதும் பிரிக்காத உறைகளில் இருபதும் ஒரே மருந்து, ஒரே பிரைமர், ஒரே குண்டில் நிரப்பி, எது எது என்று நண்பர் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு உங்களிடம் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகத் தரட்டும். குழல் சூடேறுவதும் காற்று மாறுவதும் இரு கூட்டத்துக்கும் சமமாகப் போகும். வேகமானியில் வரும் நாற்பது எண்களையும் சுட்டு முடித்த பிறகே இரண்டாகப் பிரித்து, எந்தக் கூட்டத்தில் வேகச் சிதறல் குறைவு என்று பாருங்கள். தூரம் குறைந்தது அறுநூறு கஜமாவது இருக்கட்டும். சிதறலில் வேறுபாடு தெரியவில்லையென்றால் அந்தப் பிரிப்பு முறையை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் காற்றுக் கொடி பார்த்துப் பழகுவதற்குக் கொடுக்கலாம்.